சில நிமிடங்களே வாழும் தூதர்கள்: பெப்டைடு ஹார்மோன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்சுலின் ரத்தத்தில் கலந்த ஐந்தாறு நிமிடங்களில் அதில் பாதி அழிந்துபோகிறது. சிறுகுடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிது. இவ்வளவு அற்ப ஆயுள் கொண்ட பொருட்கள்தாம் நம் சர்க்கரையையும் சிறுநீரையும் பசியையும் எலும்பையும் பிரசவத்தையும் நடத்துகின்றன. செவிலியர் மாணவிகளுக்கு உயிர்வேதியியல் பாடம் எடுத்த ஆண்டுகளில் வகுப்பிலும், அதன்பிறகு உறவினர் வீடுகளிலும் கல்யாணப் பந்திகளிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தைத் தொடங்குவது, அளவை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மருத்துவரிடம் பேச வேண்டியவை.

பெப்டைடு ஹார்மோன் என்றால் என்ன? எல்லா ஹார்மோன்களும் பெப்டைடுதானா?

அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்தால் கிடைக்கும் சரம் பெப்டைடு. சரம் நீண்டு, மடிந்து, தனக்கென ஓர் உருவம் பெற்றுவிட்டால் புரதம் என்கிறோம். இரண்டுக்கும் நடுவே கறாரான எல்லைக்கோடு கிடையாது. ஓர் உறுப்பில் உருவாகி, ரத்தத்தில் ஏறிப் போய், வேறோர் உறுப்புக்குச் செய்தி சொல்லும் சரம்தான் பெப்டைடு ஹார்மோன். மூளையிலிருந்து, அதன் அடியில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பிக்குப் போகும் டிஆர்எச் ஹார்மோனில் மூன்றே மணிகள். ஆக்சிடோசினில் 9, இன்சுலினில் 51, வளர்ச்சி ஹார்மோனில் 191.

எல்லா ஹார்மோன்களும் இந்தச் சாதி அல்ல. ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன், கார்டிசால் ஆகியவை கொலஸ்டிராலிலிருந்து உருவாகும் ஸ்டீராய்டுகள். தைராக்சின், டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருவது. இவை செல்லின் உள்ளே போய் வேலை பார்ப்பவை. நேராகச் சமையலறை வரை வந்துவிடும் சொந்தக்காரர்கள் போல. பெப்டைடு ஹார்மோன் திண்ணையோடு நின்றுவிடும் தபால்காரர். செல்லின் வெளிச்சுவரில் உள்ள ஏற்பியைத் தட்டிச் செய்தியைச் சொல்லும். உள்ளே நடப்பதெல்லாம் அந்தத் தட்டலின் எதிரொலி.

அதற்கு ஏன் இவ்வளவு குறைந்த ஆயுள்?

ரத்தத்திலும் ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் பெப்டைடுகளை நறுக்கும் நொதிகள் ஏராளம். மிச்சத்தைச் சிறுநீரகமும் கல்லீரலும் அகற்றிவிடுகின்றன.

இதைக் குறை என்று நினைக்க வேண்டாம். நான்கு இட்லி சாப்பிட்டதற்காகச் சுரந்த இன்சுலின் மறுநாள் காலைவரை ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தால், நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடுவோம். செய்தி சொன்னதும் தூதர் மறைந்துவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த செய்திக்கு இடம் இருக்கும். உடலுக்கு வசதியான இந்த ஏற்பாடுதான் மருந்து செய்பவர்களுக்குத் தலைவலி. ஏறக்குறைய நூறாண்டுகளாக இந்தத் துறையில் நடந்த வேலையில் பெரும்பகுதி, இந்தச் சரங்களின் ஆயுளை எப்படி நீட்டுவது அல்லது எப்படிச் சுருக்குவது என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வந்ததுதான்.

முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இன்சுலினா?

இல்லை, செக்ரிடின். 1902ஆம் ஆண்டு லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர் செய்த சோதனை அது. இருவரும் மைத்துனர்கள், ஸ்டார்லிங்கின் தங்கையை மணந்தவர் பேலிஸ். வயிற்றிலிருந்து அமிலம் சிறுகுடலுக்கு இறங்கியதும் கணையம் நீர் சுரப்பது நரம்புகளால்தான் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். இவர்கள் ஒரு நாயின் குடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. குடலின் உட்படலத்தைச் சுரண்டி, அமிலத்தில் அரைத்து, வடிகட்டி, ரத்தக்குழாயில் செலுத்தினார்கள். மறுபடியும் சுரந்தது. செய்தி ரத்தத்தின் வழியே போகிறது என்பது அன்று உறுதியானது. 'ஹார்மோன்' என்ற பெயரை ஸ்டார்லிங் 1905இல் அறிமுகப்படுத்தினார். தூண்டிவிடுதல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது.

தைராய்டுக்கு மாத்திரை இருக்கிறது. இன்சுலினுக்கு மட்டும் ஏன் ஊசி?

தைராக்சின் சிறிய மூலக்கூறு; வயிற்றைத் தாண்டிக் குடலில் உறிஞ்சப்பட்டுவிடும். இன்சுலினை விழுங்கினால் வயிற்றுக்கு அதுவும் அவித்த முட்டையும் ஒன்றுதான். இரண்டையும் துண்டுதுண்டாக நறுக்கிவிடும்.

மாத்திரை வடிவில் வரும் பெப்டைடுகள் சில உண்டு. அவற்றின் கணக்கைப் பார்த்தால் எவ்வளவு வீணாகிறது என்று புரியும். டெஸ்மோபிரெசின் என்ற மருந்தை ஊசியில் 1 முதல் 4 மைக்ரோகிராம் கொடுத்தால் போதும். மாத்திரையில் 100, 200 மைக்ரோகிராம் தர வேண்டியிருக்கிறது. 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, சர்க்கரை நோய்க்கான செமாகுளூடைடு மாத்திரையும் அப்படித்தான். விழுங்குவதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே ரத்தத்தை அடைகிறது. அதையும் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேற்படாத தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் காபிகூடக் குடிக்காமல் காத்திருக்க வேண்டும். காலைக் காபியை அரை மணி தள்ளிவைக்கச் சொன்னால் நம் வீடுகளில் பாதிப் பேர் ஊசியே மேல் என்பார்கள்.

இன்சுலின் பன்றியிலிருந்து எடுக்கப்படுகிறது என்கிறார்களே?

ஒரு காலத்தில் உண்மை. இன்று மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ தயாரித்தது. இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1921இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரடெரிக் பேண்டிங், சார்லஸ் பெஸ்ட் இருவரும், பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வகத்தில், நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாறு எடுத்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு மாட்டுக் கணையத்தின் சாறு செலுத்தப்பட்டது. பட்டினி உணவில் உயிர் பிழைத்திருந்த, எலும்பும் தோலுமான பையன். சாறு சுத்தமாக இல்லாததால் ஒவ்வாமை ஏற்பட்டது; பலனும் அதிகம் இல்லை. ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் இரவு பகலாக உட்கார்ந்து அதைச் சுத்திகரித்தார். ஜனவரி 23 அன்று கொடுத்த ஊசி வேலை செய்தது. அந்தப் பையன் அதன்பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தான். காப்புரிமை ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1923இல் நோபல் பரிசு பேண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் போனது. காலிப்புக்கு அதில் பங்கில்லாமல் போனது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. பேண்டிங் தன் பரிசுப் பணத்தைப் பெஸ்ட்டோடும், மெக்லியாட் தன்னுடையதைக் காலிப்போடும் பகிர்ந்துகொண்டார்கள்.

அதன்பின் அறுபது ஆண்டுகள் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும்தான் இன்சுலின் வந்தது. மனித இன்சுலினுக்கும் பன்றி இன்சுலினுக்கும் ஒரே ஒரு மணியில்தான் வேறுபாடு, மாட்டினுடையதில் மூன்று. மணிகளின் வரிசையை 1950களில் முழுதாகப் படித்தவர் ஃபிரடெரிக் சாங்கர். 1978இல் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். 1982இல் அந்த இன்சுலினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அடுத்து வந்தது ஆயுளோடு விளையாடும் வேலை. இன்சுலின் மூலக்கூறுகள் தோலுக்கு அடியில் ஆறு ஆறாகக் கைகோத்துக்கொள்ளும். பிரிந்தால்தான் ரத்தத்துக்குள் போக முடியும். இரண்டு மணிகளை மட்டும் இடம்மாற்றியபோது அந்தப் பிடி தளர்ந்தது. லிஸ்புரோ என்ற வேக இன்சுலின் கிடைத்தது. எதிர்த்திசையில், ஒரு மணியை மாற்றி இரண்டு மணிகளைக் கூடுதலாகக் கோத்தபோது தோலுக்கு அடியில் நுண்படிகமாக உறைந்து, நாள் முழுவதும் சிறுகச் சிறுகக் கரையும் கிளார்ஜின் வந்தது. வாரம் ஒருமுறை போடும் ஐகோடெக் இன்சுலினுக்கு 2024இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஆறு நிமிடத்தில் தொடங்கிய பொருளை ஒரு வாரம் வரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இன்சுலினை வீட்டில் எங்கே வைப்பது? கரண்ட் போனால் கெட்டுவிடுமா?

திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில், அதாவது ஃபிரிட்ஜின் சாதாரணத் தட்டில் அல்லது கதவில் வைக்க வேண்டும். ஃபிரீசரில் வைக்கவே கூடாது. என் பெரியம்மா, 'அதிகக் குளிர்ச்சி இருந்தால் அதிக நாள் தாங்கும்' என்று மூன்று குப்பிகளை ஐஸ்கட்டித் தட்டுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். உறைந்த இன்சுலின் உருகியபின் பார்வைக்கு நன்றாக இருக்கலாம். சரத்தின் மடிப்பு குலைந்திருக்கும். மூன்றையும் எறிந்தோம். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையிலேயே வைத்துக்கொள்வதும் இதற்காகத்தான். கீழே சரக்குப் பகுதியில் உறைந்துபோக வாய்ப்பு உண்டு.

பயன்பாட்டில் இருக்கும் குப்பியை அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைக்கலாம். நாள் கணக்கு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், அட்டையைப் படியுங்கள். கரண்ட் இரண்டு மணி நேரம் போனால் பதற வேண்டியதில்லை. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணல் நிரப்பிய பானைக்குள் இன்னொரு சிறு பானை வைத்து, அதற்குள் குப்பியை வைப்பது நல்ல வழி. கென்யாவின் தாதாப் அகதிகள் முகாமின் வெப்பநிலையை அளந்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் இன்சுலினைச் சோதித்தன. 25க்கும் 37 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் வைத்தும் அதன் வீரியம் குறையவில்லை என்று 2021இல் வெளியிட்டார்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச்செல்ல இது அனுமதிச் சீட்டு ஆகாது. பூட்டிய காருக்குள் 37 டிகிரியெல்லாம் எப்போதோ தாண்டிவிடும்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். இந்தியாவில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிஜ் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். உயிருக்கே ஆபத்து. தலைகீழாக மாறினால் 20க்குப் பதில் 8தான் போகும். புதுக் குப்பி வாங்கும் ஒவ்வொரு முறையும் எண்ணையும் மூடியின் நிறத்தையும் பொருத்திப் பாருங்கள்.

சி-பெப்டைடு பரிசோதனை எழுதித் தந்திருக்கிறார்கள். அது எதற்கு?

கணையம் இன்சுலினை நேரடியாகச் செய்வதில்லை. முதலில் நீளமான ஒரு முன்னோடிச் சரம் உருவாகும். நடுவே உள்ள 31 மணித் துண்டு வெட்டி எடுக்கப்பட்டபின் மிஞ்சுவது இன்சுலின். வெட்டிய துண்டுதான் சி-பெப்டைடு. ஒரு இன்சுலினுக்கு ஒரு சி-பெப்டைடு என்று சம எண்ணிக்கையில் ரத்தத்துக்கு வரும். அரை மணி நேரத்தில்தான் பாதியாகும் என்பதால் அளக்க வசதி. ஊசியில் போடும் இன்சுலினில் அது இருக்காது. ஆகவே ஊசி போட்டுக்கொண்டிருப்பவரிடமும் அவருடைய கணையம் சொந்தமாக எவ்வளவு சுரக்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம்.

டைப் 1 சர்க்கரை நோயில் நோய் எதிர்ப்பு அமைப்பே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுவதால் அளவு மிகக் குறைந்துபோகும். டைப் 2 நோயின் தொடக்கத்தில் இயல்பாகவோ கூடுதலாகவோகூட இருக்கும். தபால்காரர் தவறாமல் வருகிறார், வீட்டுக்காரருக்குத்தான் காது மந்தம். காவல்துறைக்கும் இந்தப் பரிசோதனை உதவியிருக்கிறது. இன்சுலின் ஏகத்துக்கு உயர்ந்து சி-பெப்டைடு அடிமட்டத்தில் இருந்தால், அந்த இன்சுலின் யாரோ வெளியிலிருந்து செலுத்தியது.

எடை குறைக்கும் ஊசி உண்மையிலேயே வேலை செய்கிறதா?

செய்கிறது. ஆனால் விளம்பரத்தில் வராத விவரங்கள் உண்டு.

குளுக்கோஸை நரம்பில் ஏற்றுவதைவிட வாயால் குடித்தால் இன்சுலின் அதிகம் சுரக்கிறது. உணவு வந்துவிட்டது என்று குடல் முன்கூட்டியே கணையத்துக்கு ஆள் அனுப்புவதே காரணம். அப்படி அனுப்பப்படும் ஆட்களில் ஒருவர் ஜிஎல்பி-1. இன்சுலினைத் தூண்டும், வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், போதும் என்று மூளைக்குச் சொல்லும். மருந்தாக்க அருமையான பொருள், ஆனால் டிபிபி-4 என்ற நொதி இரண்டு நிமிடத்தில் கதையை முடித்துவிடும்.

வழி காட்டியது ஒரு பல்லியினம். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலும் மெக்சிகோவிலும் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில், ஜான் எங் என்ற மருத்துவர் 1990களின் தொடக்கத்தில் எக்சென்டின்-4 என்ற பெப்டைடைக் கண்டார். ஜிஎல்பி-1ஐப் போலவே வேலை செய்யும். அந்த நொதியால் நறுக்க முடியாது. அதுவே எக்சினடைடு என்ற பெயரில் 2005இல் மருந்தானது. நாளுக்கு இரண்டு ஊசி. பிறகு மனித ஜிஎல்பி-1 சரத்திலேயே நொதி வெட்டும் இடத்தை மாற்றி, ஒரு கொழுப்பு வாலை ஒட்டினார்கள். அந்த வால் ரத்தத்தில் உள்ள அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு சவாரி செய்யும். அதுதான் செமாகுளூடைடு, பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்வது டிர்செபடைடு. இது 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்தது.

முக்கிய ஆய்வுகளில் செமாகுளூடைடு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடையைக் குறைத்தது. டிர்செபடைடின் உயர்ந்த அளவு 72 வாரத்தில் ஏறத்தாழ 21 சதவீதம். சர்க்கரை நோய் இல்லாத, ஆனால் இதய நோயும் கூடுதல் எடையும் உள்ள 17,604 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. இது அழகு சாதனம் அல்ல என்பதற்கு அந்த ஒரு ஆய்வு போதும்.

மறுபக்கம்: குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பரவலாக வரும். பித்தப்பைக் கற்கள், அரிதாகக் கணைய அழற்சி வரலாம். குடும்பத்தில் மெடுலரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் போடக்கூடாது. குறையும் எடையில் தசையும் ஒரு பங்கு. புரத உணவும் உடற்பயிற்சியும் இல்லாவிட்டால் மெலிவு பலவீனமாக முடியும். நிறுத்தினால் எடை திரும்பும். செமாகுளூடைடை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மகளின் கல்யாணத்துக்கு மூன்று மாதம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்ட ஒரு தந்தையிடம் இதைத்தான் சொன்னேன். தனக்குத்தான் கேட்கிறேன் என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

கொழுப்பு செல்லே ஒரு ஹார்மோன் சுரக்கிறதாமே, அதை ஊசியாகப் போட்டால் பசி அடங்காதா?

லெப்டின். 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்தது. அப்போது உலகமே நீங்கள் கேட்டதையேதான் நினைத்தது. பிறவியிலேயே லெப்டின் இல்லாத மிகச் சில குழந்தைகளுக்கு அது அற்புதம் செய்தது. மற்றவர்களுக்கு இல்லை. பருமனானவர்களிடம் லெப்டின் ஏற்கெனவே அதிகமாகவே இருக்கிறது; மூளைதான் அதைக் கேட்பதில்லை.

மூச்சு வாங்குகிறது என்று போனேன். என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். இதயத்துக்கும் ஹார்மோனுக்கும் என்ன தொடர்பு?

இதயமும் ஒரு சுரப்பிதான். 1981இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட், எலியின் இதய மேலறைத் திசுவின் சாற்றை இன்னோர் எலிக்குச் செலுத்தினார். அந்த எலி உப்பும் நீருமாகச் சிறுநீரைக் கொட்டியது. இதயம் ரத்தத்தால் பிதுங்கும்போது, 'உப்பை வெளியேற்று, குழாய்களைத் தளர்த்து' என்று அது அனுப்பும் செய்திகள்தாம் ஏஎன்பி, பிஎன்பி. பிஎன்பி முதலில் 1988இல் பன்றியின் மூளையில் கிடைத்ததால் பெயரில் 'பிரெயின்', அதாவது மூளை, ஒட்டிக்கொண்டது. பெரும்பாலும் சுரப்பது இதயக் கீழறை.

பிஎன்பி உருவாகும்போது வெட்டப்படும் உபரித் துண்டுதான் என்டி-புரோபிஎன்பி. சி-பெப்டைடு போலவே, உபரித் துண்டு அதிக நேரம் நிற்பதால் அளக்க எளிது. திடீர் மூச்சுத்திணறலில் அது ஒரு மில்லிக்கு 300 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. முதியவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் எண் இயல்பாகவே ஏறும். பருமனானவர்களுக்கு இறங்கித் தெரியும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

இங்கும் ஆயுள் நீட்டும் வித்தை உண்டு. இந்தப் பெப்டைடுகளை நறுக்கும் நெப்ரிலைசின் என்ற நொதியைத் தடுக்கும் சாகுபிட்ரில், வால்சார்டன் என்ற ரத்த அழுத்த மருந்தோடு சேர்த்துத் தரப்படுகிறது. ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்காமல், இருப்பதையே நீடிக்கவிடும் வழி. இந்த மருந்து சாப்பிடுகிறவர்களின் பிஎன்பி அதனாலேயே உயர்ந்து தெரியும். என்டி-புரோபிஎன்பியை அந்த நொதி தொடுவதில்லை என்பதால் அதையே அளக்கிறார்கள்.

ஆக்சிடோசின் 'அன்பு ஹார்மோன்' என்பது உண்மையா? மாட்டுக்கு அதை ஊசியாகப் போடுகிறார்களே, பால் குடித்தால் நமக்கு வருமா?

தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பில் அதற்குப் பங்கு உண்டு. அதற்கு மேல் பத்திரிகைகள் ஏற்றிவைத்த புகழ் அதிகம் என்பது என் கருத்து. அதன் அசல் பெருமை பிரசவ அறையில். கர்ப்பப்பையைச் சுருக்கவைத்து, பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கைத் தடுக்கிறது. எல்லாப் பிரசவங்களிலும் 10 யூனிட் தரும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆனால் வெப்பம் தாங்காது. குளிர்வசதி குறைந்த இடங்களுக்காக வெப்பம் தாங்கும் கார்பெடோசின் என்ற மாற்று வந்திருக்கிறது. இந்தியா உட்பட 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் அதைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள்.

பாலைப் பொறுத்தவரை, ஒன்பது மணிச் சரத்தைக் காய்ச்சிக் குடித்தால் அது வயிற்றில் செரித்துவிடும். கொடுமை மாட்டுக்குத்தான். அந்தத் துஷ்பிரயோகத்தைத் தடுக்க 2018இல் மத்திய அரசு தனியார் தயாரிப்பைத் தடை செய்தது. பிரசவ வார்டுகளுக்கு மருந்து கிடைக்காமல் போகும் என்ற வழக்கில் அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது.

சர்க்கரை இயல்பாக இருக்கிறது. ஆனால் நாளெல்லாம் தாகம், ஓயாமல் சிறுநீர். இதுவும் நீரிழிவா?

தமிழ்ச் சொல்லின் பொருளைப் பார்த்தால் இதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். வாசோபிரெசின், சிறுநீரகத்தை நீரைத் தேக்கிவைக்கச் சொல்லும் ஹார்மோன். ஆக்சிடோசினின் ஒன்பது மணிகளில் இரண்டு மட்டும் வேறு. மூளை அதைச் சுரக்காவிட்டாலோ, சிறுநீரகம் அதைக் கேட்காவிட்டாலோ நீர்த்த சிறுநீர் லிட்டர் லிட்டராகப் போகும். ஆங்கிலத்தில் டயாபடீஸ் இன்சிபிடஸ் என்று இருந்த பெயரை 2022இல் மருத்துவச் சங்கங்கள் வாசோபிரெசின் குறைபாடு, வாசோபிரெசின் எதிர்ப்பு என்று மாற்றின. பெயரைப் பார்த்துச் சர்க்கரை நோய் என்று நினைத்து, வாசோபிரெசினுக்கு மாற்றாகத் தர வேண்டிய டெஸ்மோபிரெசினைத் தராமல் விட்டதால் மருத்துவமனைகளில் உயிரிழப்புகள் நேர்ந்தன. மது குடித்தவர் அடிக்கடி ஒதுங்குவதும் இந்த ஹார்மோன் தற்காலிகமாக அடங்கிப்போவதால்தான்.

உடற்பயிற்சிக் கூடத்தில் 'பெப்டைடு' விற்கிறார்கள். போடலாமா?

கூடாது. பிபிசி-157 போன்றவை மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றவை அல்ல. ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று குப்பியிலேயே எழுதி விற்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது, கிருமி நீக்கம் செய்ததா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அக்ரோமெகலி நோயாளிகள் காட்டுகிறார்கள். பிட்யூட்டரிக் கட்டியால் அது மிகையாகச் சுரந்து, மோதிரம் இறுகும், செருப்பு அளவு ஏறும், தாடை நீளும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உயரும். மெதுவாக நடப்பதால் வீட்டில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. பத்து வருடம் கழித்துப் பார்க்கும் பழைய நண்பர்தான் முதலில் கேட்பார். கொலாஜன் பெப்டைடு பொடி வேறு விஷயம். ஆபத்தில்லாத, விலை கூடிய புரதம்.

ஒரே ஹார்மோன் சிலருக்கு நன்மையும் சிலருக்குத் தீமையும் செய்வது எப்படி?

எவ்வளவு என்பதோடு எப்படி வருகிறது என்பதும் கணக்கு. மூளை ஜிஎன்ஆர்எச் என்ற பத்து மணிகள் கொண்ட சரத்தை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதுபோலத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும்போது இனப்பெருக்க ஹார்மோன்கள் சுரக்கும். அதையே இடைவிடாமல் கொடுத்தால் பிட்யூட்டரி சலித்துப்போய்ச் சுரப்பதையே நிறுத்திவிடும். இந்தச் சலிப்பைத்தான் லூப்ரோலைடு ஊசி மருந்தாக்குகிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்கும், வயதுக்கு முன் பூப்படையும் குழந்தைகளுக்கும் அது தரப்படுகிறது.

பாராதைராய்டு ஹார்மோன் இன்னும் விசித்திரம். கழுத்துச் சுரப்பியில் வந்த கட்டி ஒன்று அதை நாள் முழுவதும் கசியவிட்டால், எலும்பிலிருந்து கால்சியம் உருவப்பட்டு எலும்பு மெலிந்து, சிறுநீரகத்தில் கல் சேரும். அதே ஹார்மோனின் முதல் 34 மணிகளை டெரிபாரடைடு என்று நாளுக்கு ஒரு சிறு ஊசியாகப் போட்டால் எலும்பு வளர்கிறது.

அப்படியானால் அற்ப ஆயுளால் நோயாளிக்கு நேரடியாக ஒரு நன்மையும் இல்லையா?

இருக்கிறது, மேலே சொன்ன கழுத்துக் கட்டியின் அறுவை அரங்கிலேயே பார்க்கலாம். பாராதைராய்டு சுரப்பிகள் பொதுவாக நான்கு. அரிசியைவிடக் கொஞ்சம் பெரியவை. கெட்டது ஒன்றா இரண்டா என்று கண்ணால் உறுதி சொல்வது கடினம். முன்பெல்லாம் நான்கையும் தேடிப் பார்க்கக் கழுத்தை அகலமாகத் திறந்தார்கள். இப்போது பல இடங்களில், சந்தேகமான ஒன்றைச் சிறு கீறல் வழியே எடுத்துவிட்டு அறுவை நிபுணர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த ஹார்மோன் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும் என்பதால் பத்து நிமிடம் போதும். ரத்தம் எடுத்து அனுப்புவார்கள். ஆய்வகத்திலிருந்து வரும் எண், முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் தையல் போடத் தொடங்குவார். இறங்காவிட்டால் அடுத்த சுரப்பியைத் தேடுவார்.